அச்சிட்ட கணையம் எப்போது வரும்? உசிலம்பட்டியிலிருந்து கேட்ட தந்தைக்கு

உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தந்தை கேட்டிருக்கிறார். பதினோரு வயது மகளுக்கு முதல் வகைச் சர்க்கரை நோய். இரண்டு வருடமாக நாளுக்கு நான்கு ஊசி. கணையத் திசுவிலிருந்தே ஒரு மை தயாரித்து, அதில் உயிருள்ள செல்களைக் கலந்து, இயந்திரத்தில் புதிய கணையம் அச்சிடுகிறார்கள் என்று செய்தியில் படித்திருக்கிறார். அது உண்மையா, நம் ஊருக்கு எப்போது வரும், அதுவரை மதுரையில் ஒருவர் போடுவதாகச் சொல்லும் 'ஸ்டெம்செல் ஊசி'க்கு (ஸ்டெம்செல் என்பது வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச்செல்) சில லட்சம் கட்டலாமா, தன் கணையத்தில் ஒரு பகுதியை மகளுக்குக் கொடுக்க முடியுமா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறார். இவற்றுக்கெல்லாம் அடியில் வேறொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது: இந்தப் பிள்ளை வாழ்நாள் முழுவதும் ஊசி போட்டுக்கொள்ளத்தான் வேண்டுமா, இதில் நான் செய்யத் தவறியது ஏதாவது உண்டா?

தவறியது எதுவும் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். முதல் வகை நோய் மிட்டாய் தின்றதால் வருவதில்லை. தாய் கர்ப்பத்தில் எதையோ சாப்பிட்டதாலும் வருவதில்லை. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பு மண்டலமே கணையத்தின் பீட்டா செல்களை அந்நியர் என்று எண்ணி அழித்துவிடுகிறது. அந்தச் செல்கள்தாம் இன்சுலின் சுரப்பவை. நான் மருத்துவன் அல்லன். கணையத் திசுவிலிருந்து செல்களை நீக்கிக் கூழாக்கும் வேலையை ஆய்வகத்தில் பல ஆண்டுகள் செய்தவன்; இப்போது மதுரையில் உயிர்வேதியியல் கற்பிக்கிறேன். ஆகவே மையைப் பற்றி உறுதியாகப் பேசுவேன். ஊசியின் அளவைப் பற்றி உங்கள் மருத்துவர் சொல்வதே முடிவு.

செய்தி உண்மைதான். ஆனால் 'கணையம் அச்சிடுகிறார்கள்' என்பது மிகை. முழுக் கணையத்தை யாரும் அச்சிடவில்லை, அதற்குத் தேவையும் இல்லை. கணையத்தின் பெரும்பகுதி செரிமான நொதிகளைச் சுரப்பது. அது உங்கள் மகளுக்கு நன்றாகவே வேலை செய்கிறது. இன்சுலின் சுரப்பவை அதற்குள் சிதறிக் கிடக்கும் லாங்கர்ஹான்ஸ் திட்டுகள். 1869இல் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற மருத்துவ மாணவர் நுண்ணோக்கியில் கண்டு விவரித்தவை. ஒரு கணையத்தில் ஏறத்தாழ பத்து லட்சம் திட்டுகள் உண்டு; எடையில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ பங்குதான். ஆனால் கணையத்துக்கு வரும் இரத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் இவற்றுக்கே போகிறது. இந்தக் கடைசி விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

திட்டுகளை மாற்றிப் பொருத்துவது புதிதல்ல. 2000ஆம் ஆண்டில் கனடாவின் எட்மண்டன் நகரில் ஜேம்ஸ் ஷாபிரோவின் குழு, இறந்தவர்களின் கணையத்திலிருந்து பிரித்த திட்டுகளைக் கல்லீரலுக்குச் செல்லும் சிரையில் செலுத்தி, ஏழு நோயாளிகளை ஊசியிலிருந்து விடுவித்தது. ஏழு பேருக்கும் தலா இரண்டு கணையமாவது தேவைப்பட்டது. அதன்பின் பல மையங்களில் முப்பத்தாறு பேருக்கு அதே முறையைச் செய்து பார்த்தார்கள். ஓராண்டு முடிவில் பதினாறு பேர் ஊசியில்லாமல் இருந்தார்கள். இரண்டாண்டில் அது ஐந்து பேராகக் குறைந்தது. இரத்தத்தில் நேரடியாக இறங்கிய திட்டுகளில் பெரும்பகுதி சில நாள்களுக்குள் மடிந்துவிடுகிறது. இரத்தம் அவற்றைச் சுற்றி உறைகிறது, அழற்சி உண்டாகிறது, புதுக் குழாய்கள் முளைக்கும்வரை போதிய ஆக்சிஜன் கிடைப்பதில்லை.

இங்கேதான் திசுவிலிருந்து எடுத்த மை வருகிறது. கணையத்திலிருந்து திட்டுகளைப் பிரிக்கக் கொலாஜனேஸ் என்ற நொதியைப் பயன்படுத்துகிறோம். அது திட்டைச் சுற்றியிருக்கும் புரத வலையையும், அதிலுள்ள லேமினின், நான்காம் வகைக் கொலாஜன் ஆகியவற்றையும் சேர்த்தே அரித்துவிடுகிறது. வேர்மண்ணை முழுவதும் கழுவிவிட்டுத் தக்காளி நாற்றை நடுவது போன்ற நிலை அது. நாற்று உயிரோடுதான் இருக்கும். ஆனால் பிடிப்பதற்குள் பாதி வாடிவிடும். அந்தப் புரத வலையைத் தொட்டுக்கொண்டிருக்கும் பீட்டா செல் நீண்ட நாள் வாழ்கிறது, சர்க்கரை ஏறும்போது சரியாகச் சுரக்கிறது. ஆகவே வேறொரு கணையத்திலிருந்து செல்களை நீக்கி, வலையை மட்டும் எடுத்து, கூழாக்கித் திட்டுகளோடு கலந்து அச்சிடலாம் என்பதே இந்த ஆய்வின் அடிப்படை.

சொல்ல எளிது, செய்ய அவ்வளவு எளிதல்ல. கல்லீரலையோ இதயத்தையோவிடக் கணையம் அடம்பிடிக்கும். தன்னுடைய செரிமான நொதிகளாலேயே அது தன்னைக் கரைத்துக்கொள்ளும் உறுப்பு. அதனால் உடலிலிருந்து எடுத்த கணமே பனிக்கட்டியில் வைத்து வேலை செய்ய வேண்டும். பன்றிக் கணையமானால் கொழுப்பும் அதிகம். அதை ஆல்கஹால் வகைக் கரைப்பானால் நீக்க வேண்டும். பிறகு சோப்பு போன்ற வேதிப்பொருள்களால் செல்களைக் கரைத்துப் பல முறை அலச வேண்டும். உலர்ந்த திசு ஒரு மில்லிகிராமுக்கு ஐம்பது நானோகிராமுக்குக் கீழே டி.என்.ஏ. இருந்தால்தான் செல்கள் போய்விட்டன என்று ஏற்றுக்கொள்வது வழக்கம். வேதிப்பொருளில் கொஞ்சம் எஞ்சினாலும், பின்னால் நாம் போடும் உயிருள்ள திட்டுகளை அது கொன்றுவிடும்; அதிகம் அலசினாலோ நமக்கு வேண்டிய புரதங்களும் சேர்ந்து போய்விடும். இந்த இரண்டுக்கும் நடுவே சரியான இடத்தைப் பிடிப்பதில்தான் எங்கள் காலம் போகும். பின்னர் உறைநிலையில் உலர்த்தி, பொடித்து, அமிலத்தில் பெப்சின் என்ற செரிமான நொதி சேர்த்துக் கரைத்து, காரத்தால் சமன் செய்தால் மை தயார். குளிரில் நீர்மமாக இருக்கும். உடல் வெப்பமான முப்பத்தேழு டிகிரியில் கூழாக உறையும். ஒரு கணையத்தின் மை இன்னொன்றைப் போல் இருக்காது. கொடையாளரின் வயது, கொழுப்பு, இறந்தபின் கடந்த நேரம் எல்லாமே மாற்றத்தை உண்டாக்கும். ஒரு மருந்தாக இதை விற்க அனுமதி கேட்கும்போது இந்த வேறுபாடு பெரிய தடையாக நிற்கும் என்று நினைக்கிறேன்.

அந்தக் கூழ் தனியாக நிற்காது, மிக மென்மையானது. அதனால் அல்ஜினேட் சேர்ப்பார்கள். அது நம் மன்னார் வளைகுடாவில் கட்டக்கோரை என்று மீனவர்கள் சொல்லும் பழுப்புக் கடற்பாசியிலிருந்து கிடைப்பது. மண்டபம், இராமேசுவரம் பக்கத்துப் பெண்கள் மூச்சடக்கி மூழ்கிப் பறித்துவரும் பாசி. கால்சியம் பட்டதும் கெட்டியாகி வடிவத்தைத் தாங்கும். ஆனால் செல்கள் ஒட்டிக்கொள்வதற்கு அதில் பிடிமானம் இல்லை. பிடிமானத்தைத் திசு வலை தருகிறது, உறுதியை அல்ஜினேட் தருகிறது.

இந்த வழியில் நடந்த வேலைகளில் சிலவற்றைச் சொல்கிறேன். 2014இல் தென்கொரியாவின் போஸ்டெக் பல்கலைக்கழகத்தில் டாங்-வூ சோவின் குழு, கொழுப்பு, குருத்தெலும்பு, இதயம் ஆகியவற்றின் செல் நீக்கிய திசுவை மையாக அச்சிடலாம் என்று காட்டியது. அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர் பால்குனி பதி. இப்போது ஐதராபாத் ஐ.ஐ.டி.யில் பேராசிரியர். 2019இல் அதே கொரியக் குழு பன்றிக் கணையத்து மையில் திட்டுகளை அச்சிட்டு, வெறும் அல்ஜினேட்டில் இருப்பதைவிட அவை நன்றாக இன்சுலின் சுரப்பதைக் கண்டது. அதே ஆண்டு வார்சாவில் மிஹாவ் வ்ஷோவா என்ற அறுவை மருத்துவரின் குழு, இரத்தக்குழாய்ப் பாதைகளோடு ஒரு கணைய முன்மாதிரியை அச்சிட்டதாக அறிவித்தது. நீங்கள் படித்தது பெரும்பாலும் 2025 ஜூனில் லண்டனில் நடந்த ஐரோப்பிய உறுப்பு மாற்று மாநாட்டுச் செய்தியாக இருக்கும். அமெரிக்காவின் வேக் ஃபாரஸ்ட் நிறுவனத்தைச் சேர்ந்த குவென்டின் பெரியே அங்கே பேசினார். மனிதக் கணையத்திலிருந்து எடுத்த வலையும் அல்ஜினேட்டும் கலந்த மையில் மனிதத் திட்டுகளை அச்சிட்டதில், நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் உயிரோடு இருந்தன; இருபத்தொரு நாள் கழித்தும் சர்க்கரைக்கு ஏற்பச் சுரந்தன. கல்லீரலில் செலுத்தாமல், சிறு கீறல் வழியாகத் தோலுக்கடியில் வைப்பதே அவர்களின் நோக்கம்.

நல்ல செய்தி, ஐயா. நானும் மகிழ்ந்தேன். ஆனால் அது ஆய்வகத் தட்டில் கிடைத்த முடிவு. மனிதரின் தோலுக்கடியில் கிடைத்ததல்ல. இரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவை ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். திட்டுகளை 150 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள உருண்டைகளாக வைத்து எண்ணுவது வழக்கம் (மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஒரு கிலோ உடல் எடைக்குப் பத்தாயிரம் வேண்டும் என்பது எட்மண்டன் அனுபவம். ஐம்பது கிலோ உள்ளவருக்கு ஐந்து லட்சம். அவை அனைத்தின் கன அளவு ஒரு மில்லிலிட்டருக்கும் குறைவுதான். மையில் பத்தில் ஒரு பங்கு திட்டுகள் என்று வைத்தால், ஒன்பது மில்லிலிட்டர் மை ஆகிறது. ஒரு மில்லிமீட்டர் கனத்தில் விரித்தால் உள்ளங்கை அகலம். அவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் லண்டனில் சொன்ன வேகம் நிமிடத்துக்கு இருபது மில்லிமீட்டர், அழுத்தமும் குறைவு. திட்டுகள் நசுங்காமல் இருக்க அவ்வளவு மெதுவாகப் போக வேண்டியிருக்கிறது. அரை மில்லிமீட்டர் முனை ஒன்று அந்த வேகத்தில் ஒன்பது மில்லிலிட்டரை அச்சிட ஒன்றரை நாளுக்கும் மேல் ஆகும். முனையின் அகலமும் பத்தில் ஒரு பங்கும் நானே எடுத்துக்கொண்டவை. பல முனைகள் வைத்தால் நேரம் குறையும். பொறியியலால் தீரக்கூடிய சிக்கல்தான் இது, இன்னும் தீர்க்க வேண்டியிருக்கிறது.

ஆக்சிஜன் அதைவிடக் கடினம். இரத்தக் குழாயிலிருந்து நூறு, இருநூறு மைக்ரோமீட்டருக்கு அப்பால் ஆக்சிஜன் ஊடுருவிப் போய்ச் சேராது. கணையத்துக்குள் இவ்வளவு இரத்தம் வாங்கிப் பழகிய திட்டுகளை, இரத்தம் குறைவான தோலடியில் வைக்கப் போகிறோம். அச்சிட்ட துண்டில் நுண்துளைகள் விடுவது குழாய்கள் உள்ளே முளைக்கத்தான். அவை முளைக்க ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும், அதுவரை திட்டுகள் தாங்க வேண்டும். கணையத்து மை இதில் உதவும் என்பதற்கு விலங்குகளில் ஆதாரம் இருக்கிறது. மனிதரில் எவ்வளவு உதவும் என்பதை, மனிதரில் வைத்துப் பார்த்தபின்தான் சொல்ல முடியும்.

எல்லாவற்றிலும் பெரிய தடைக்கு மை மருந்தாகாது. உங்கள் மகளின் எதிர்ப்பு மண்டலம் பீட்டா செல்களை அழிக்கக் கற்றுக்கொண்டுவிட்டது. 1980களில் மினசோட்டாவில் ஒரே கருவில் பிறந்த இரட்டையரில் ஒருவரின் கணையப் பகுதியை, நோயுள்ள மற்றவருக்கு எதிர்ப்புத் தடுப்பு மருந்து கொடுக்காமல் பொருத்தினார்கள். மரபணு அளவில் அந்நியம் எதுவும் இல்லை. இருந்தும் பழைய நோயே திரும்பிவந்து அந்தப் பீட்டா செல்களையும் அழித்தது. ஆகவே எவ்வளவு அழகாக அச்சிட்டாலும், எதிர்ப்பைத் தணிக்கும் மாத்திரைகளை வாழ்நாள் முழுவதும் எடுக்க வேண்டும். அல்லது செல்களை எதிர்ப்பிலிருந்து மறைக்க ஒரு வழி வேண்டும். அந்த மாத்திரைகள் தொற்றுக்கும் சிறுநீரகப் பாதிப்புக்கும் வழி திறப்பவை. பதினோரு வயதுப் பிள்ளைக்கு ஊசியை நிறுத்துவதற்காக அவற்றைத் தொடங்குவது நல்ல பேரமாக எனக்குத் தோன்றவில்லை.

நம்பிக்கை தரும் பெரிய நகர்வுகள் அச்சு இயந்திரத்துக்கு வெளியே நடக்கின்றன. ஸ்டெம்செல்லிலிருந்து ஆய்வகத்தில் வளர்த்த திட்டுகளை வெர்டெக்ஸ் என்ற அமெரிக்க மருந்து நிறுவனம் மனிதருக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறது. 2025இல் வெளியான முடிவில், முழு அளவு பெற்ற பன்னிரண்டு பேரில் பத்துப் பேர் ஓராண்டில் ஊசியில்லாமல் இருந்தார்கள். இறந்தவரின் கணையத்துக்காகக் காத்திருக்கும் தேவை இதனால் நீங்கலாம். ஆனால் அவர்களும் எதிர்ப்புத் தடுப்பு மருந்தில் இருந்தார்கள். அதே நிறுவனம் செல்களைச் சிறு கருவிக்குள் மறைத்து வைத்துச் செய்த சோதனை போதிய பலன் தராததால் 2025 மார்ச்சில் கைவிடப்பட்டது. சுவீடனின் உப்சாலாவில் வேறொரு வழி: திட்டுகளின் மரபணுவைத் திருத்தி, எதிர்ப்பு மண்டலத்துக்குத் தெரியாதபடி செய்து, ஒரு நோயாளியின் முன்கைத் தசையில் வைத்தார்கள். மருந்து எதுவும் இல்லாமல் பன்னிரண்டு வாரம் கழித்தும் அவை இன்சுலின் சுரந்தன. ஒரே ஒருவர், சிறிய அளவு. அவருக்கு ஊசி நிற்கவில்லை. இருந்தாலும் நான் கண்வைத்திருப்பது இதன்மேல்தான். மறைக்கப்பட்ட செல்களும் கணையத்து மையும் ஒருநாள் சேர்ந்தால், அச்சிட்ட திசு உங்கள் மகளைப் போன்றவர்களுக்கு உண்மையிலேயே பயன்படும். எந்த ஆண்டு என்று குறித்துச் சொல்பவரை நம்பாதீர்கள். நானும் குறித்துச் சொல்ல மாட்டேன். உங்கள் மகள் இளம் வயதிலேயே அதைக் காண வாய்ப்பிருக்கிறது என்பது என் கணிப்பு, வாக்குறுதி அல்ல.

உங்கள் கணையத்தைப் பற்றி: உயிரோடிருப்பவரின் கணையப் பகுதியிலிருந்து திட்டுகள் எடுத்து மாற்றியதுண்டு. 2005இல் ஜப்பானின் கியோட்டோவில் ஒரு தாய் தன் மகளுக்குக் கொடுத்தார். ஆனால் அந்த மகளுக்குச் சர்க்கரை வந்தது நாள்பட்ட கணைய அழற்சியால். எதிர்ப்பு மண்டலம் பீட்டா செல்களைத் தேடி அழிக்கும் நோய் அவருக்கு இல்லை. உங்கள் மகளின் நிலை வேறு. உங்களுக்கே சர்க்கரை எல்லையில் நிற்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். பாதிக் கணையத்தைக் கொடுத்தால் நீங்களும் நோயாளியாகிவிடுவீர்கள். அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். பன்றித் திசுவைப் பற்றித் தயக்கம் இருப்பவர்களுக்கும் ஒரு வரி: மனிதக் கணையத்திலிருந்தும் அதே மையைச் செய்ய முடிகிறது. உறுப்புக் கொடை பெருகினால் அதற்கும் திசு கிடைக்கும்.

ஸ்டெம்செல் ஊசிக்குப் பணம் கட்டாதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, சில இரத்த நோய்கள் போன்றவற்றுக்கான எலும்பு மச்சை மாற்றைத் தவிர, ஸ்டெம்செல்லை அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே சிகிச்சையாகக் கொடுக்கக் கூடாது. சர்க்கரை நோய் அந்தப் பட்டியலில் இல்லை. உண்மையான ஆய்வு என்றால் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் எண் இருக்கும், நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இருக்கும், ஆய்வு மருந்துக்கு நோயாளியிடம் காசு வாங்க மாட்டார்கள். அந்த எண்ணைக் கேளுங்கள். ஸ்டெம்செல் ஊசி போட்டதும் இன்சுலினை நிறுத்த வேண்டும் என்று அந்த மதுரைக்காரர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்குப் பதறியது. முதல் வகை நோயில் இன்சுலினை ஒரு நாள் முழுதும் நிறுத்தினாலே இரத்தம் அமிலமாகத் தொடங்கும். காய்ச்சலிலும், சாப்பிடாத நாளிலும்கூட அடிப்படை இன்சுலினை, அதாவது நீண்ட நேரம் வேலை செய்யும் வகையை, நிறுத்தக் கூடாது. வாந்தி, வயிற்று வலி, வேகமான மூச்சு, மூச்சில் பழ வாடை ஆகியவை சேர்ந்து தெரிந்தால் பொழுது விடியக் காத்திருக்காமல் அரசு இராசாசி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

அந்தச் சில லட்சத்தில் சிறு பங்கே போதும், இப்போது அவளுக்குப் பயன்படும் வகையில் செலவழிக்க. இன்சுலின் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கிறது; வீட்டில் அளந்து பார்க்கும் பட்டைகளில் கஞ்சம் பிடிக்காதீர்கள், முடிந்தால் சர்க்கரையை இடைவிடாமல் அளந்து காட்டும் தொடர் அளவி ஒன்றைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். நாளை எந்தச் சிகிச்சை வந்தாலும் கண்ணும் சிறுநீரகமும் நன்றாக இருப்பவருக்கே அது எளிதாக அமையும். பதினோரு வயதாகி, நோய் வந்து இரண்டு வருடமானால் விழித்திரைப் பரிசோதனையும் சிறுநீரில் புரதப் பரிசோதனையும் தொடங்க வேண்டிய நேரம். விழித்திரைக்கு மதுரை அண்ணாநகரில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இல்லை என்று சொன்னதால் இதையும் எழுதுகிறேன்: சித்திரை, வைகாசி வெயிலில் இன்சுலின் வீரியம் இழக்கும். பெரிய மண்சட்டியில் ஈர மணல் நிரப்பி, அதற்குள் சிறு மண்கலயம் பதித்து, மருந்துக் குப்பியை ஈரம் படாமல் ஒரு டப்பாவில் போட்டு அதற்குள் வையுங்கள். நிழலில், காற்றோட்டமான இடத்தில் இருக்கட்டும், மணல் காயாமல் நீர் தெளியுங்கள். திறந்த குப்பியை நான்கு வாரத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம். பிரிக்காத குப்பிகளை ஆரம்ப சுகாதார நிலையத்துக் குளிர்ப்பெட்டியில் வைத்துத் தருவார்களா என்று அங்குள்ள செவிலியரிடம் கேட்டுப் பாருங்கள்.